தாமரையின் இடக்கன்னம்

அன்பு மகள் மாலினிக்கு, கிள்ளான்ல இருந்து அம்மா எழுதுறது. அப்பா, தம்பி ரிஷி, நான் எல்லாரும் நல்லாருக்கோம், சவுதியில நீயும் மாப்பிள்ளையும் பேத்தி தாமரையும் நல்லாருக்கணும்னு விளக்கு ஏத்தும்போதெல்லாம் கேட்டுக்கறேன். போன் இருக்கும்போது எதுக்குக் கடிதம்னு சிரிக்காதே, போன்ல நான் வாயைத் திறந்தாலே நீ அழுதுட்டு வெச்சுடுற, வேற என்னதான் பண்றது. பக்கத்து வீட்டுப் பாலன் அங்க வேலைக்குத் திரும்புறான், அவன் கையில இதையும் ஒரு வலையையும் கொடுத்து விடறேன். தாமரை கன்னத்துல புண்ணை உண்டாக்கின அந்த மணல் ஈ கொசுவை விடச் சின்னதாமே, சாதாரணக் கொசுவலையில புகுந்துடுமாம், அதனால பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவுல கடை கடையா ஏறி இறங்கி நெருக்கமான துணி வாங்கித் தைச்சேன். உங்கப்பா கடைக்காரர்கிட்ட இதுல காத்தாவது போகுமான்னு கேட்டு என் மானத்தை வாங்கிட்டாரு. பொழுது சாயுற நேரம் பிள்ளையை வெளியே விடாதே, முழுக்கைச் சட்டை போடு.

நீ அந்தத் திருஷ்டிப் பொட்டையே நினைச்சு நினைச்சு மருகுறே. தினம் கன்னத்துல மைப்பொட்டு வெச்சே, ஈ கடிச்ச இடம் அதுக்கு அடியிலயே மறைஞ்சு கிடந்துச்சு. வலிக்காத புண்ணாம், பிள்ளையும் வாய் திறக்கலை, தடிப்பைப் பார்த்து நீ மை ஒத்துக்கலைன்னு நினைச்சே. பிள்ளைக்குக் கண்ணு படக்கூடாதுன்னு வெச்ச பொட்டு, இதுல என்னடி குத்தம், நானா இருந்தாலும் அப்படித்தான் நினைச்சிருப்பேன். தெரிஞ்சதும் டாக்டர்கிட்ட ஓடினே, ஊசி போட்டு முடிஞ்சு புண்ணும் ஆறிடுச்சு, தழும்புதான் மிச்சம்.

அந்தத் தழும்புக்காக ரிஷி கல்யாணத்துக்கே வரமாட்டேங்கிறே. பொம்பளப் பிள்ளை முகமாச்சேன்னு சொந்தக்காரங்க குசுகுசுன்னு பேசுவாங்கதான், உன் அத்தை பவுனம்மாள் இப்பவே ஆரம்பிச்சாச்சு. என் பேத்தியைப் பத்திப் பேசுறதா இருந்தா வேற வீட்ல போய்ச் சாப்பிடுங்கன்னு சொல்லிட்டேன், அவங்க இன்னும் ரெண்டு தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுட்டுத்தான் போனாங்க. ரிஷியோ, தாலியில முதல் முடிச்சை நான் போடுவேன், நாத்தனார் முடிச்சுக்கு அக்கா வர்ற வரைக்கும் பொண்ணு அப்படியே குனிஞ்சு உட்கார்ந்திருக்கட்டும்லான்னு சொல்றான்.

ஆனா மாப்பிள்ளை ஒண்ணு சொன்னாரு, அதைக் கேட்டதுல இருந்து எனக்குச் சோறு இறங்கலை. தொட்டா ஒட்டாதுன்னு டாக்டர் சொல்லியும், புண் ஆறியும், நீ அந்தக் கன்னத்துப் பக்கமே போறதில்லையாம். இப்ப யாரு முத்தம் கொடுக்க வந்தாலும் தாமரையே முகத்தைத் திருப்பி வலக்கன்னத்தைக் காட்டுறாளாம். அஞ்சு வயசுப் பிள்ளைடி அது.

மூணு பேரும் நோய்நொடி இல்லாம தீர்க்காயுசா இருங்க. வலையோட ஓரத்தை மெத்தைக்கு அடியில செருகணும், மறந்துடாதே. டிக்கெட் போட்டுட்டு அப்பாகிட்ட சொல்லு. இதைப் படிச்சு முடிச்சதும் கண்ணைத் துடைச்சுக்கிட்டுப் பிள்ளையைத் தூக்கு, அவ திருப்பிக்கிட்டாலும் விடாதே, அந்தத் தழும்பு மேலேயே முத்தம் கொடு.

உன் அம்மா,
குமுதா