பிரீடா என்ற பெயரை மேடையில் மாற்றி வாசித்தமை

அனுப்புநர்:
பிரபாலினி யோகராஜா,
டீட்டிகோன்.

பெறுநர்:
தலைவர்,
லிம்மாற் தமிழ்க் கல்விக் கழகம்,
பாடன், சுவிற்சர்லாந்து.

விடயம்: பரிசளிப்பு விழாவில் என் மகளின் பெயரைக் கேளாமல் மாற்றியமை பற்றிய முறைப்பாடு

மதிப்புக்குரிய ஐயா,

தங்கள் கழகம் டீட்டிகோனில் நடத்தும் சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையில் என் மகள் பிரீடா பாலர் வகுப்பிலிருந்து படித்து வருகிறாள். இவ்வாண்டுப் பேச்சுப் போட்டியில் முதலிடம் அவளுக்குக் கிடைத்தது. சென்ற மாதம் பாடனில் நடந்த பரிசளிப்பு விழாவில் "செல்வி யோகராஜா பிரீத்தி" என்று அழைத்தார்கள். ஒருவரும் எழும்பவில்லை. மறுபடியும் அழைத்தபோது பக்கத்திலிருந்த பிள்ளை தள்ளிவிட, அவள் தயங்கித் தயங்கி மேடைக்குப் போனாள். சான்றிதழிலும் பிரீத்தி என்றே அச்சிட்டிருந்தார்கள்.

அச்சுப் பிழை என்று எண்ணியே விழாப் பொறுப்பாளர் திரு. இரத்தினம் அவர்களிடம் போனேன். மகளும் என்னுடன் நின்றாள். அவர் சொன்னதை ஒரு சொல்லும் கூட்டாமல் எழுதுகிறேன்:

"ஓம், நான்தான் மாத்தினனான். தமிழ் மேடையில அந்தப் பேரை எப்பிடி வாசிக்கிறது? சனம் சிரிக்கும். வயசுபோன ஆக்களின்ர இல்லத்தில நீங்கள் கழுவித் துடைக்கிற கிழவியளின்ர பேரையெல்லோ பிள்ளைக்கு வைச்சிருக்கிறியள்."

ஐயா, நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்வது உண்மை. பிரீடா என்ற பெயருடைய மூதாட்டிகளைக் குளிப்பாட்டி உணவூட்டுவதும் உண்மை. நூறு ஆண்டுகளுக்கு முன் இந்நாட்டில் வீட்டுக்கு வீடு இருந்த பெயர் அது. பிறகு பழசாகிப்போனது. மகள் பிறந்தபோது மருத்துவமனைத் தாதியே "இதை இப்போது யாரும் வைப்பதில்லையே" என்று சிரித்தாள். இன்றோ சுவிஸ் பெற்றோர் அதே பெயரைத் தேடி எடுத்துத் தங்கள் குழந்தைகளுக்கு வைக்கிறார்கள். அவர்களுக்கு அது நாகரிகம். என் மகள் தொழிற்பயிற்சிக்கு விண்ணப்பித்த இடத்தில் மட்டும், "சரி, உன் உண்மையான பெயர் என்ன?" என்று கேட்டார்கள். வெள்ளைக்காரர் கேட்டதைப் பொறுத்துக்கொண்டோம். எங்கள் ஆட்கள் அதைவிட ஒருபடி மேலே போய், கேட்காமலே மாற்றிவிட்டார்கள்.

பிரீடா என்பது சமாதானத்தைக் குறிக்கும் பழைய ஜெர்மன் சொல்லிலிருந்து வந்த பெயர். எனக்குச் சாந்தி என்று ஒரு தங்கை இருந்தாள். 2007இல், ஊரில் நடந்த போரின்போது, வாகரையிலிருந்து இடம்பெயர்ந்து வரும் வழியில் எறிகணை பட்டு இறந்தாள். தூக்கி வர எங்களால் முடியவில்லை. வழியோரத்திலேயே விட்டுவிட்டு வந்தோம். மகள் பிறந்தபோது அந்தப் பெயரை வைக்கத்தான் ஆசைப்பட்டேன். ஆனால் சாந்தி என்று நாளுக்குப் பத்துத் தடவை கூப்பிட எனக்கு நெஞ்சுரம் இருக்கவில்லை. அதே பொருளை, அழாமல் கூப்பிடக்கூடிய ஒரு மொழியில் வைத்தேன்.

இதை நான் மகளுக்குச் சொல்லியிருக்கவில்லை. விழா முடிந்து ரயிலில் வரும்போது, "அம்மா, ஏன் எனக்கு இந்தப் பேர் வைச்சனீங்கள்?" என்று கேட்டாள். அங்கேயே, ஆட்களுக்கு நடுவில் சொன்னேன். "அப்ப அந்த இரத்தினம் மாமா சித்தியின்ர பேரைத்தான் வெட்டினவர்" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் தமிழ்ப் பாடசாலைக்குப் போகவில்லை. கட்டாயப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. வீட்டில் நான் தமிழில் கேட்பவற்றுக்கு ஜெர்மனில் பதில் சொல்கிறாள். முதற்பரிசு வாங்கிய பேச்சை அவள் சொல்லிப் பழகிய அதே குசினியில், இப்போது ஆம், இல்லை என்பதற்கான "யா", "நைன்" என்ற இரண்டு சொற்களே கேட்கின்றன.

பாடசாலை நிர்வாகத்திடம் முறையிட்டேன். "சின்ன விசயம், பெரிசாக்காதேங்கோ. வாற வருசம் பாப்பம்" என்றார்கள். ஆகவே தங்களிடம் வருகிறேன்.

நான் வேண்டுவது இரக்கமோ, பொன்னாடையோ அல்ல. அடுத்த பொது நிகழ்வில், அதே மேடையில், அதே ஒலிவாங்கியில், யோகராஜா பிரீடா என்று திரு. இரத்தினம் அவர்களே அழைக்க வேண்டும். என் தொழிலைப் பற்றி அவர் சொன்னதை நான் மன்னித்துவிட்டேன். அந்த மூதாட்டிகள் என்னை ஒருநாளும் பெயர் மாற்றிக் கூப்பிட்டதில்லை. மகளுக்குச் செய்ததை மன்னிக்கும் உரிமை எனக்கில்லை. அந்த மன்னிப்பை அவர் அவளிடமே கேட்டுக்கொள்ளட்டும்.

பிரீத்தி என்றொரு பிள்ளை எங்கள் வீட்டில் இல்லாதபடியால், அவளுக்குரிய சான்றிதழை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். தாங்கள் தாமதமின்றி நடவடிக்கை எடுக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். அவள் அழைக்கப்படும் நாளில் நான் மண்டபத்துக்கு வருவேன். அவள் வருவாளா என்று எனக்குத் தெரியாது.

இங்ஙனம்,
பிரபாலினி யோகராஜா
(பிரீடாவின் தாய்)

இடம்: டீட்டிகோன்
திகதி: 14.11.2025