குடிக்காதவளுக்கு ஒரு நாற்காலி

மார்ச் 3, செவ்வாய்

அண்ணனும் அண்ணியும் வேலைக்குப் போய்விட்டார்கள். வெளிக்கதவில் பூட்டு விழும் சத்தம் கேட்டது. பாத்திரம் கழுவினேன். துணி மடித்தேன். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தேன்.

பூட்டுவதில் அண்ணனுக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. என் பையன் இறந்துபோன புதிதில் ஒரு விடியற்காலை நான் பஸ் நிறுத்தத்தில் போய் நின்றுவிட்டேன். எந்தப் பஸ், எங்கே போக — ஒன்றும் தெரியாது. பால் போடுகிறவர்தான் கூட்டிவந்து விட்டார். அன்றிலிருந்து பூட்டு. "உன் நல்லதுக்குத்தான் பாப்பா." எனக்கு ஐம்பத்தெட்டு வயது. அவருக்கு நான் இன்னும் பாப்பாதான்.

மார்ச் 5, வியாழன்

மழை. ஜன்னலைச் சாத்தினேன். வேறொன்றும் இல்லை.

மார்ச் 8, ஞாயிறு

மருமகள் வந்தாள். என் பையனின் மனைவி. அண்ணன் அவளை உட்காரச் சொன்னார். ஆனால் எதிரே உட்காரவில்லை, கடைக்குக் கிளம்பிவிட்டார்.

பையன் என்ன வேலை செய்தான் என்று யாராவது கேட்டால் அண்ணன் "டிராவல்ஸ்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வார். இந்த ஊரில் அங்கங்கே சின்ன இடங்களில் சொந்தமாகப் பீர் காய்ச்சுகிறார்கள். பெரிய கம்பெனிச் சரக்கு இல்லை, அவரவர் கைப்பக்குவம். அதில் நல்ல இடம் எது என்று என் பையன் தேடிக் கண்டுபிடித்து, சனி ஞாயிறில் வேனில் ஆட்களைக் கூட்டிப்போய்க் காட்டுவான். வேனை மருமகள் ஓட்டுவாள். ஒருநாள் வேன் பக்கத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். எழுந்திருக்கவில்லை. பிறந்ததிலிருந்தே இதயத்தில் ஓட்டை இருந்திருக்கிறது என்றார் டாக்டர். குடித்தே செத்தான் என்றார்கள் மற்றவர்கள். அண்ணன் டாக்டரை நம்பினாரா மற்றவர்களை நம்பினாரா, நான் கேட்கவில்லை.

"அத்தை, ஒரு உதவி வேணும். புது இடம் சிலது பாக்கணும். என்கூட வர்றீங்களா?"

"சாராயக்கடைக்கா?"

"சாராயக்கடை இல்ல அத்தை. ப்ரூவரி."

"பேரை மாத்தினா நாத்தம் போயிடுமா?"

சிரித்துவிட்டாள். ரொம்ப நாள் கழித்து அவள் பல்லைப் பார்த்தேன். பிறகு சொன்னாள்: "பீர் நல்லாருக்கான்னு சொல்ல ஆயிரம் பேர் இருக்காங்க. ஆனா வேன்ல வர்றவங்கள்ல குடிக்காதவங்களும் இருக்காங்க. புருஷனோட வர்ற பொண்டாட்டி, பையனோட வர்ற அம்மா. மணிக்கணக்கா சுவத்தைப் பாத்துட்டு உக்காந்திருக்காங்க. அவங்களுக்கும் நல்லா இருக்கற இடமா பாக்கணும்னு அவருக்கு ஆசை. அதைப் பாக்க எனக்குக் கண்ணு போதல."

"சுவத்தைப் பாத்துட்டு உக்கார எனக்கு நல்லாவே தெரியும்," என்றேன்.

அண்ணனிடம் என்ன சொல்வது? பல் வலி என்றேன். மருமகள் டாக்டரிடம் கூட்டிப்போவாள் என்றேன். பொய் இவ்வளவு சுலபமாக வரும் என்று எனக்கே தெரியாது.

மார்ச் 12, வியாழன்

முதல் இடம். வேண்டாம். நாற்காலி எல்லாம் என் இடுப்பு உயரம். ஏறினால் கால் அந்தரத்தில் தொங்குகிறது, இறங்க ஆள் வேண்டும். பாட்டுச் சத்தத்தில் பக்கத்தில் இருக்கிற மருமகள் வாயசைப்பதுதான் தெரிந்தது. கழிவறைக்குப் போகச் செங்குத்தாகப் படி. பரிமாறிய பெண் அவளிடம் என்ன வேண்டும் என்று கேட்டாள், என்னைத் தாண்டி அடுத்த மேசைக்குப் போய்விட்டாள். நான் அங்கே வைத்த பை மாதிரி.

வேனில் ஏறியதும், "எத்தனை மார்க் அத்தை?" என்றாள்.

"ஃபேனுக்கு மட்டும் போடு."

மார்ச் 19, வியாழன்

இரண்டாவது இடம். லாரி பழுது பார்க்கிற கொட்டகைகளுக்குப் பின்னால். வெளியே பார்த்தால் கிடங்கு. உள்ளே போனதும் தானியம் வேகிற வாசனை, கஞ்சி பொங்குகிற மாதிரி. நாத்தம் என்று சொல்ல முடியாது. காய்ச்சுகிறவருக்கு மார்பு வரை தாடி, அதை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருக்கிறார். மருமகள் அவரைத் தாடி என்றுதான் கூப்பிடுகிறாள்.

நான் யார் என்று அவள் சொன்னதும் தாடி கையைத் துடைத்துக்கொண்டே நின்றார். துடைத்து முடிந்தும் துடைத்துக்கொண்டே நின்றார். பிறகு எனக்கு முதுகு சாய்கிற நாற்காலி ஒன்றைத் தேடி எடுத்துவந்து போட்டார். எலுமிச்சை பிழிந்த சோடா கொடுத்தார்.

பின்பக்கம் ஆள் உயர டேங்குகள். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு குழாய் வந்து வாளித் தண்ணீரில் முங்கியிருக்கிறது. புளுக். கொஞ்சம் பொறுத்து, புளுக். உள்ளே ஈஸ்ட் வேலை செய்கிறதாம், அது விடுகிற மூச்சாம்.

"உங்க பையன் வந்தா முதல்ல இங்கதாம்மா நிப்பான். டேங்க்ல காதை வச்சுக் கேப்பான். ஆளுங்களைக் கூட்டிட்டு வந்து, 'சத்தம் போடாதீங்க, உள்ள புள்ள தூங்குது'ன்னு சொல்லுவான்."

"குடிப்பானா?" — கேட்டுவிட்டேன்.

தாடி மழுப்பவில்லை. "குடிப்பான்மா. எல்லாத்துலயும் ஒரு வாய். பிடிச்சதுன்னா ஒரு கிளாஸ். அப்புறம் பாட ஆரம்பிச்சுடுவான். கொடுமையாப் பாடுவான். நிறுத்தச் சொல்லி நானே சோடா கொடுத்திருக்கேன்."

பாடுவான் என்று எனக்குத் தெரியாது. வீட்டில் ஒரு நாளும் பாடியதில்லை. இவ்வளவு நாள் தெரிந்ததையே நினைத்து நினைத்து அழுதுகொண்டிருந்தேன். இன்றைக்குப் புதிதாக ஒன்று கிடைத்தது. வாளிப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

மார்ச் 20, வெள்ளி

அண்ணி கேட்டாள், "ஏம்மா, அந்தப் பல் டாக்டர் பல்லைப் பாக்கறாரா, இல்ல உன்னை உக்கார வச்சுக் கதை பேசறாரா? முகம் கொஞ்சம் தெளிஞ்சிருக்கு." எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவள் கிண்டலுக்குத்தான் கேட்டாள்.

மார்ச் 26, வியாழன்

இன்று மானம் போய்விட்டது.

தாடியின் இடத்துக்கு மறுபடி போனோம். கிளாஸ் கழுவுகிற பெண் வரவில்லை. ஒரு கம்பெனி ஆட்கள் கூட்டமாக வந்திருந்தார்கள், தாடி பரபரப்பாக அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்தார். சும்மா உட்கார எனக்குக் கை அரித்தது. பாத்திரம் கழுவுவதற்கு என்னிடம் யார் குறை சொல்ல முடியும்? பாத்திரச் சோப்பு போட்டுத் தேய்த்து, முந்தானையால் துடைத்து, ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து அடுக்கினேன்.

தாடி ஊற்றினார். நுரை எழும்பி, அப்படியே செத்துப்போனது. இன்னொன்று ஊற்றினார். அதுவும். முகர்ந்து பார்த்தார்.

"கிளாஸைக் கழுவினது யாரு?"

"நான்தான் தம்பி. பளபளன்னு இருக்கு பாருங்க."

"பளபளன்னுதான் இருக்கு! பீரைக் கொன்னுட்டீங்களேம்மா! சோப்பு வாசம் மூக்கைத் துளைக்குது! இதுல துணி பட்டாலே நுரை நிக்காது! யாரு உங்களைத் தொடச் சொன்னது? வாரக்கணக்குல காத்திருந்து காய்ச்சின சரக்கு!"

அத்தனை பேர் முன்னால். காது சூடாகி, பின்பக்கம் போய் டேங்குக்குப் பின்னால் நின்று அழுதேன். அழும்போதே ஒன்று தோன்றியது. பையன் போனதிலிருந்து என்னிடம் யாருமே கத்தவில்லை. எல்லோரும் மெதுவாக, நோயாளியிடம் பேசுகிற மாதிரியே பேசுகிறார்கள். நான் தப்பு செய்தால்கூட அது தப்பில்லையாம், பாவமாம். இந்தத் தாடி என்னை ஒரு மனுஷியாக நினைத்துக் கத்தியிருக்கிறார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, "எதைப் போட்டுக் கழுவணும், காட்டுங்க," என்றேன். வாசனை இல்லாத ஒரு பொடி. தண்ணீரில் அலசிக் கவிழ்த்து வைத்துவிட வேண்டும், தானாகக் காயும், துடைக்கக் கூடாது. எல்லாவற்றையும் மறுபடி கழுவினேன். நுரை நின்றது.

மருமகளிடம் சொன்னேன், "இந்த இடம் இருக்கட்டும்."

"திட்டு வாங்கினதுக்கா?"

"ஆமா."

மார்ச் 28, சனி

மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். என் ஃபோன் சமையலறையில் அடித்திருக்கிறது. அண்ணி எடுத்திருக்கிறாள். கையில் மாவு, அதனால் ஸ்பீக்கரில் போட்டாளாம். அண்ணன் அங்கேதான் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"அம்மாவா? நான் பீர்க்காரன் தாடி பேசறேன். அன்னைக்குக் கத்திட்டேன், மனசுல வச்சுக்காதீங்கம்மா. அடுத்த வாரமும் வந்துடுங்க. உங்க நாற்காலியில யாரையும் உக்கார விடல."

நான் இறங்கி வந்தபோது அண்ணி மாவுக் கையோடு அப்படியே நின்றாள். "இதுவா பல் டாக்டர்?" என்று மட்டும் கேட்டாள்.

அண்ணன் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். பேப்பரை மடித்து வைத்துவிட்டு, மெதுவான குரலில், "செத்தவனோட மானத்தையும் ஊத்திக் குடிக்கணுமா பாப்பா?" என்றார். ஃபோனைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மார்ச் 30, திங்கள்

பூட்டு.

ஏப்ரல் 2, வியாழன்

வியாழக்கிழமை. வேன் போயிருக்கும்.

இந்த ஜன்னலிலிருந்து எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி தெரிகிறது. அது நிரம்பி வழிவதைப் பார்ப்பேன். நிறுத்தச் சொல்லிக் கத்தலாமா என்று நினைப்பேன். கத்த மாட்டேன்.

ஏப்ரல் 4, சனி

அண்ணன் ஆப்பிள் வாங்கி வந்து, தானே தோல் சீவித் தட்டில் வைத்தார். என் புருஷன் விட்டுவிட்டுப் போனபோது, கைப்பிள்ளையோடு நின்ற என்னைச் சேர்த்துக்கொண்டவர் இவர். பையனைப் படிக்க வைத்தவர் இவர். இவரைக் கெட்டவர் என்று சொல்ல நாக்கு வருமா எனக்கு? கெட்டவராக இருந்தால் என்றைக்கோ வெளியே போயிருப்பேன். நல்லவர் வீட்டிலிருந்து எப்படிப் போவது?

ஏப்ரல் 7, செவ்வாய்

பகலில் மருமகள் வந்தாள். கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். பூட்டைப் பிடித்துப் பார்த்தாள்.

"என்னால உங்களுக்குத்தான் கஷ்டம். இனிமே கூப்பிடல அத்தை."

"சாப்பிடறியா? கழுத்தெலும்பு தெரியுது."

"தனியாச் சமைக்கப் பிடிக்கல. ரொட்டி வாங்கித் தின்னுட்டுப் படுத்துக்கறேன்." பிறகு கம்பியைப் பார்த்துக்கொண்டே, "அவர் சட்டையைத் துவைக்காம வச்சிருக்கேன். வீட்டுல பேசறதுக்கு ஆள் இல்ல. ஃபிரிட்ஜ் சத்தம் மட்டும்தான்."

கம்பி வழியாக அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்த இடைவெளியில் கை போகிறது. முழங்கைக்கு மேல் போகவில்லை.

அவனுக்காக அழுகிறவர்கள் உலகத்தில் நாங்கள் இரண்டு பேர்தான். ஆளுக்கொரு வீட்டில் கிடந்து அழுகிறோம். ஏன்?

ஏப்ரல் 11, சனி

எப்படி எழுதுவது?

மருமகள் வந்துபோனதைப் பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். சாப்பாடு முடிந்ததும் அண்ணன் என் ஃபோனை மேசையில் வைத்தார். "நீயே சொல்லிடு பாப்பா. இனிமே வர வேணாம், அவ வழியை அவ பாத்துக்கட்டும்னு. நான் சொன்னா நல்லா இருக்காது."

அவர் சொன்னால் செய்துதான் எனக்குப் பழக்கம். எண்ணைத் தட்டினேன். அவரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"அத்தை?" என்றாள். அந்தக் குரலில் பயம்.

வாய் வரைக்கும் வந்துவிட்டது அண்ணன் சொன்ன வார்த்தை. ஆனால் வேறு வந்தது. "நாளைக்குக் காலையில வாம்மா. வேனை எடுத்துட்டு வா. என் துணிமணியெல்லாம் இருக்கு."

வைத்துவிட்டேன். அண்ணி தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தாள், சத்தமில்லாமல்.

அப்போதுதான் அண்ணன் கத்தினார். "போ! போய் அங்கயே கிட! உன் புருஷன் போனப்ப யாருடி பாத்தா? உன் புள்ளைக்கு யாருடி ஃபீஸ் கட்டினா? சாராய வண்டியில சுத்தறதுக்கா உன்னை வச்சுக் காப்பாத்தினேன்?"

"நீங்கதான் அண்ணா பாத்தீங்க. இல்லன்னு நான் என்னைக்காவது சொல்வேனா? ஆனா மூச்சு முட்டுதுண்ணா. இங்க நான் அவனைப் பத்தி ஒரு வார்த்தை பேச முடியல. அவன் பேரை எடுத்தாலே நீங்க டிவி சத்தத்தைக் கூட்டறீங்க."

அவர் என்னைப் பார்க்கவில்லை. சட்டைப் பையில் கை விட்டார், எதையும் எடுக்கவில்லை. அப்படியே நின்றார். "அவனை நான் தோள்ல தூக்கி வளத்தேன்," என்றார். பிறகு அறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டார்.

ஏப்ரல் 12, ஞாயிறு

காலையில் கதவு திறந்தே கிடந்தது. அண்ணன் எழுந்து எங்கேயோ நடக்கப் போய்விட்டார்.

அண்ணிதான் என் துணியை மடித்துப் பையில் வைத்தாள். நான் மடித்ததைப் பிரித்து, தன் விருப்பத்துக்கு மடித்தாள். "இவரு வேலைக்குப் போன நேரமாப் பாத்து ஃபோன் பண்ணு," என்றாள். வேன் சத்தம் கேட்டதும், "உனக்கென்னம்மா, கிளம்பிட்ட. சாயங்காலம் வந்து நான் யார்கிட்ட மூஞ்சியைக் காட்டுவேன்?" என்றாள். அவளும் அங்கே இத்தனை வருஷம் இருந்திருக்கிறாள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ஏப்ரல் 25, சனி

மருமகள் வீட்டில் இரண்டே அறை. அவள் குறட்டை விடுகிறாள். சட்டையைத் துவைக்கச் சொல்லி நான் சொல்லவில்லை.

அண்ணனுக்கு ஃபோன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போடுவேன்.

மே 16, சனி

வேன் நிறைய ஆட்கள். அதில் ஒரு பையன் தன் அம்மாவையும் இழுத்து வந்திருந்தான். தாடியின் இடத்துக்குள் நுழைந்ததும் அந்த அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு, ஓரமாகச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். கைப்பையைப் பக்கத்து நாற்காலியில் வைத்து, யாராவது எடுத்துவிடப் போகிறார்கள் என்பதுபோல் அதன்மேல் கையையும் வைத்துக்கொண்டாள். சோடா கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கவில்லை.

"இதுல எதுவும் கலக்கலியே?"

"எலுமிச்சைதாங்க. நானும் இதைத்தான் குடிக்கறேன்."

என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இந்த வயசுல உங்களுக்கு இங்க என்னங்க வேலை? வீட்டுல பிள்ளைங்க இல்லையா?"

டேங்க் பக்கம் மருமகள் நின்று, வந்தவர்களுக்கு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அவர்கள் சிரித்தார்கள்.

"ஒரு பையன். இதே வேலைதான் பாத்தான். போன வருஷம் தவறிட்டான். அதோ பேசிட்டிருக்கா பாருங்க, அவ என் மருமக."

அந்த அம்மாள் நாற்காலியிலிருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். உட்கார்ந்தேன்.