பதினைந்து கிலோ வாக்குறுதி

சங்கரன்கோவில்
ஆடி மாதம், தபசுத் திருவிழா முடிந்த நான்காம் நாள்

அன்பு மகன் ஆனந்தகுமாருக்கு அப்பா வேல்சாமி எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகம். உன் தங்கை வேல்விழியும் சுகம் என்று எழுத வந்த கை பாதியில் நின்றுவிட்டது, காரணத்தைக் கீழே எழுதுகிறேன். கனடாவில் நீ சுகமாக இருக்கக் கோமதியம்மன் துணை. இதைப் போனில் சொல்லலாம், நீ மீட்டிங்கில் இருப்பாய். குடும்ப குரூப்பில் போடலாம், இருபத்தேழு பேர் படிப்பார்கள். உனக்கு அது பெரிய விஷயமில்லை. சித்திரையில் உன் தங்கை புதுச்சேலை கட்டி ஆசையாகப் போட்ட படத்துக்குக் கீழே, வாயைக் கட்டினால் வயிறு தானாகக் குறையும், மனுஷிக்கு ஒரு கட்டுப்பாடு வேண்டாமா என்று எழுதி, நீ ஓட்டப் பந்தயத்தில் ஓடிய படத்தையும் பக்கத்தில் போட்டவன்தானே நீ. சொந்தக்காரர்கள் எல்லாரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். நானும் காட்டினேன், அந்த வெட்கம் எனக்கு இருக்கிறது. அதனால்தான் தாள் வாங்கி எழுதுகிறேன், உட்கார்ந்து முழுதாகப் படி.

விஷயத்துக்கு வருகிறேன். தபசுக்குக் கொடியேறிய மறுநாளிலிருந்து வேல்விழி விடியற்காலையில் குளித்துவிட்டு ஆடிச்சுற்று சுற்றக் கோயிலுக்குப் போனாள். அம்மன் ஒற்றைக்காலில் தவம் நிற்கிற பாரத்தில் நம்மாலான கொஞ்சத்தை நாமும் சுமப்போம் என்று நூற்றெட்டுச் சுற்று சுற்றுகிறவர்கள் நம் ஊரில் எத்தனையோ பேர், இவளும் அப்படித்தான் என்று நினைத்தோம். உன் அம்மாவுக்கு ஒரே பூரிப்பு, எம்மவளுக்கு இப்பவாச்சும் பக்தி வந்துட்டுன்னு தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். வேல்விழி கையில் நீ அனுப்பிய கடிகாரம் காலடியை எண்ணிக்கொண்டிருந்தது எங்களுக்குத் தெரியாது. காலையில் நீ அனுப்பிய டப்பா மாவை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்துக் குடிப்பாள், ராத்திரியும் அதுவேதான், நடுவில் ஒன்றும் கிடையாது. விரதம் என்றாள், நம்பினோம். ஆறாம் நாள் எழுபத்தோராவது சுற்றில் விழுந்துவிட்டாள். விழுந்த பிள்ளைக்கு யாரும் தண்ணீர் கொடுக்கவில்லை ஐயா, அருள் வந்துவிட்டது என்று சுற்றிநின்று கும்பிட்டிருக்கிறார்கள். புற்றுமண்ணைக் குழைத்து நெற்றியில் பூசிவிட்டு ஒரு பெண் தன் மகனுக்கு வேலை எப்போது கிடைக்கும் என்று குறிகூடக் கேட்டிருக்கிறாள். நம் தெரு முத்துமணி கூட்டத்தை விலக்கிப் பார்த்துவிட்டு, சாமியும் இல்ல ஒண்ணும் இல்ல, பிள்ளை பசியில கிடக்கு, விலகுங்கட்டி என்று சத்தம் போட்டு ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தாள். அவள் காலில் விழலாம்.

ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டிருக்கும்போதே உன் அம்மாவுக்கு ஒரு போன். ராஜபாளையத்திலிருந்து, வேல்விழிக்குப் பேசியிருக்கிற அந்த மாப்பிள்ளையின் தாயார். நலம் விசாரிக்கவில்லை, பிள்ளைக்கு இப்ப எத்தனை கிலோ குறைஞ்சிருக்கு, உங்க மகன் ஆவணிக்குள்ள பதினைஞ்சுன்னு சொன்னாரே என்று கேட்கிறார். ஆனந்தகுமார், உன்னை ஏலே என்று கூப்பிட்டுப் பத்து வருடம் ஆயிற்று, இன்றைக்குக் கூப்பிடுகிறேன். ஏலே, உன் தங்கை உடம்பில் பதினைந்து கிலோவை அறுத்துத் தருவதாக வாக்குக் கொடுக்க நீ யார்? பெற்றவர்களுக்குச் சொல்லாதே என்று அவளிடம் வேறு சொல்லி வைத்திருக்கிறாய். நீ கொடுத்தனுப்பிய எடை மெஷினில் அவள் தினமும் காலையில் ஏறி நிற்பதும், அந்த எண் அங்கே உன் போனுக்கு வருவதும், குறையாத நாளில் நீ அனுப்பும் ஒற்றைக் கேள்விக்குறியும், எல்லாவற்றையும் அன்றைக்குத்தான் அழுதுகொண்டே சொன்னாள். ஒன்பது வயதில் விரல் நசுங்கியபோதுகூட அப்படி அழாத பிள்ளை.

இனி எழுதப்போவதுதான் முக்கியம். கடையநல்லூரிலிருந்து வந்து இங்கே பார்க்கிற டாக்டர் நஸ்ரின் பானு வேல்விழியைப் பார்த்தார். சின்ன வயதுக்காரர், பொறுமைசாலி. சர்க்கரை, தைராய்டு எல்லாம் சோதித்துவிட்டு எங்களை மட்டும் தனியாக உட்காரவைத்துப் பேசினார். நம் குடலுக்குள் கோடிக்கணக்கில் கிருமிகள் குடியிருக்கின்றனவாம், பெரும்பாலும் நமக்கு வேலை செய்கிற கிருமிகள். பயறு, கீரை, காய், தோல் நீக்காத தானியம் இவற்றில் நம்மால் செரிக்க முடியாத நார் அவற்றுக்குச் சாப்பாடு. நாம் வெள்ளைச் சோறும் பரோட்டாவும் இனிப்புமாகவே தின்றால் அவை பட்டினி. பருமனானவர் குடலில் இருக்கிற கூட்டமும் ஒல்லியானவர் குடலில் இருக்கிற கூட்டமும் வேறுவேறாக இருப்பதாகப் பல ஆராய்ச்சியில் பார்த்திருக்கிறார்களாம். பருத்த எலியின் குடல்கிருமியை எடுத்துக் கிருமியே இல்லாமல் வளர்த்த எலிக்குள் விட்டால் அதுவும் கொழுப்பு வைக்கிறதாம். மனுஷருக்கும் அப்படியேன்னு இன்னும் யாரும் முடிவாச் சொல்லல, ஆனா ஒரே தட்டுல சாப்பிட்ட ரெண்டு பேருக்கு ஒண்ணுபோல உடம்பு வைக்காது, இதைக் கட்டுப்பாடு இல்லன்னு திட்டுறது தப்பு என்றார். நீ அனுப்பிய நல்லகிருமி மாத்திரையைக் காட்டினேன். இது எல்லாருக்கும் எடையைக் குறைக்கும்னு நம்பி வாங்காதீங்க என்றார். பழையசோறு ஒன்றே போதும் என்று நீ அனுப்பிய வீடியோவையும் காட்டினேன், சிரித்துவிட்டார்.

பிறகு, சின்னதுல உங்க மகளுக்கு அடிக்கடி ஆன்டிபயாட்டிக் குடுத்தீங்களா என்று கேட்டார். நான் நிமிர்ந்து உட்கார்ந்து, மகளுக்கு ஒரு குறையும் வைக்கலம்மா, சூடு கண்டா அன்னைக்கே மருந்து வாங்கிருவேன் என்று பெருமையாகச் சொன்னேன். மடையன். நீ கைப்பிள்ளையாக இருந்தபோது நான் விசைத்தறியில் கூலிக்கு ஓட்டிக்கொண்டிருந்தேன், உனக்குக் காய்ச்சல் என்றால் ஈரத்துணியும் சுக்குத்தண்ணீரும்தான். இவள் பிறந்தபோது மின்வாரிய வேலை கிடைத்துவிட்டது, கையில் நாலு காசு இருக்கிற திமிர். சளிக்கும் காய்ச்சலுக்கும் டாக்டரிடம் போகாமல் நேரே மருந்துக்கடையில் போய் நின்று அந்தக் குலுக்கிற மருந்தை வாங்குவேன், கோடு வரைக்கும் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி இரண்டு நாள் கொடுப்பேன், சூடு விட்டதும் நிறுத்தி மிச்சத்தை அடுத்த தடவைக்கு வைத்துக்கொள்வேன். ஆறு வயதுக்குள் எத்தனை பாட்டில் என்று கணக்கே இல்லை. அந்த மருந்து கெட்ட கிருமியோடு நல்லதையும் கொல்லும், குழந்தைப் பருவத்தில் அடிக்கடி கொடுத்தால் பின்னால் எடை கூடுவதற்கும் அதற்கும் தொடர்பு இருக்கலாம் என்று சில ஆராய்ச்சிகள் சொல்கின்றன, உங்க மகளுக்கு இதுதான் காரணம்னு என்னால சொல்ல முடியாது என்று டாக்டர் பக்குவமாகத்தான் சொன்னார். எனக்குப் போதும். அன்றைக்கு உன்மேல் இருந்த கோபத்தில் பாதி என்மேல் திரும்பியது, அது இன்னும் ஆறவில்லை. இப்போது சொல், உன் ஒல்லி உடம்பு உன் கட்டுப்பாட்டால் வந்ததா? அப்பனிடம் மருந்துக்குக் காசில்லாததால் வந்ததாகக்கூட இருக்கலாம். யாருக்குத் தெரியும்?

வீட்டுக்கு வந்து இதை அப்படியே வேல்விழியிடம் சொன்னேன். எப்பா, இத்தனை வருசத்துல எம்மேல தப்பில்லன்னு முதமுத சொன்ன ஆளு நீங்கதான் என்றாள். உன் அம்மாவிடம் போய்ச் சாப்பாடு கேட்டாள். அந்த மாப்பிள்ளை வேண்டுமா என்று கேட்டேன், கிலோக் கணக்குல கேக்கவங்க வேண்டாம்ப்பா என்றாள். ராஜபாளையத்துக்கு நானே போன் பண்ணிச் சொல்லிவிட்டேன், உன்னிடம் கேட்டால் நீயும் அதையே சொல். இப்போது மூன்று பேருக்கும் ஒரே சமையல். சோறு பாதி, பயறும் கீரையும் பாதி. முதல் வாரம் மெதுவாகத்தான் கூட்ட வேண்டும் என்று டாக்டர் சொன்னதைக் கேட்காமல் நான் அள்ளித் தின்று வயிறு ஊதிக் கிடந்தேன், அதைப் பார்த்துத்தான் அவள் ரொம்ப நாளைக்கு அப்புறம் சிரித்தாள். எடை குறைந்தால் குறையட்டும், குறையாவிட்டால் அவள் என் மகள்.

உனக்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன். இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் வருகிற ஞாயிற்றுக்கிழமை அவளுக்குத் தனியாகப் போன் பண்ணு. உபதேசம் வேண்டாம், நான் செய்தது தப்பு என்று சொல், என்ன சாப்பிட்டாய் என்று கேள், எத்தனை கிலோ என்று இந்த ஜென்மத்தில் கேட்காதே. நீயும் அங்கே குளிரில் நேரத்துக்குச் சாப்பிடு, சளி பிடித்தால் கண்ட மாத்திரையைப் போடாதே. கோபத்தில் எழுதினாலும் நீ நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். அம்மன் உன்னைக் காப்பாற்றட்டும்.

மறக்காமல் இன்னொன்று. நேற்றுக் காலையிலிருந்து உன் போனுக்கு அறுபத்தொன்று என்று வந்திருக்கும். வாக்கைக் காப்பாற்றிவிட்டாள் என்று சந்தோஷப்படாதே. இனி அந்த மெஷினில் தினமும் ஏறி நிற்பது நான்தான். கேள்விக்குறி அனுப்புவதென்றால் எனக்கு அனுப்பு.

இப்படிக்கு,
உன் அப்பா
வேல்சாமி