பழுப்புக் குருவிக்குப் பூஜ்யம்

அரிசோனா,
மே 19.

அன்புள்ள டெல்லா,

இங்கே ஓடையில் தண்ணீர் இருக்கிறது, எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. ஓஹையோவில் நீயும் மகளும் பேரப்பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். உன் பீச் மரம் காய்த்திருக்கிறது. அணில்களுக்குத்தான் கொண்டாட்டம்.

சனிக்கிழமை பள்ளத்தாக்கில் பறவைக் கணக்கெடுப்பு. முப்பத்தொரு வருடத்தில் முதல் தடவையாகத் தனியாகப் போனேன். பழக்கதோஷம், ஃப்ளாஸ்கில் இரண்டு பேருக்குக் காபி ஊற்றிவிட்டேன். இரண்டாவது வளைவில் நம் பாறையில் உட்கார்ந்தேன். அங்கேதான் நீ விரலைத் தூக்கி, "ஷ்... அந்த பைன் மரத்துல ரெண்டு. கேட்டுச்சா?" என்பாய். இருவருக்கும் கேட்டால்தான் நோட்டில் ஏறும். எவ்வளவு நல்ல காலைகள் டெல்லா!

மரத்தண்டில் ஒட்டி ஏறும் சின்னப் பழுப்புக் குருவிக்குப் பூஜ்யம் போட்டேன். கண்ணுக்கு அது பட்டையோடு பட்டை. அந்த ஊசிக்குரலை வைத்துத்தான் எண்ண முடியும். உனக்குத் தெரியாததா?

கணக்கைத் தொகுக்கும் ரமோனா நேற்று வந்தாள். "என்ன ஹார்லன், போன வருஷம் ஆறு இருந்துச்சு, இப்ப ஒண்ணுகூட இல்லையா? இங்க அந்தக் குருவியே இல்லாம போச்சுன்னு எழுதிடவா?" என்றாள்.

குருவி போகவில்லை. போனது என் காது. நாலு வருடமாக நீ "கேட்டுச்சா?" என்றபோதெல்லாம் தலையாட்டிப் பொய் சொன்னேன். தெரிந்தால் கணக்கெடுப்புக்காரர்கள் உன்னோடு நடக்க விடமாட்டார்களோ என்று பயந்தேன். நேருக்கு நேர் பேசினால் ஒப்பேற்றிவிடுவேன். சமையலறையிலிருந்து நீ கூப்பிட்டதெல்லாம் எனக்கு எட்டவே இல்லை. "செவுத்துகிட்ட பேசியிருந்தாக்கூட எதிரொலி வந்திருக்கும்" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கினாயே, அது மட்டும் நன்றாகக் கேட்டது.

ரமோனாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். ஜூன் ஐந்துக்குள் மறுபடி எண்ணலாமாம். "என் தம்பியை அனுப்பட்டுமா? அவனுக்குப் பாம்புக்காது" என்றாள். "வேண்டாம்மா, எங்க வீட்டு ஆளைக் கேட்டுப் பாக்கறேன்" என்றேன்.

வா டெல்லா. நீ கேள், நான் எழுதுகிறேன். வாசலில் நின்று கூப்பிட்டு நான் திரும்பாவிட்டால், கோபித்துக்கொண்டு போய்விடாதே. கிட்டே வந்து தோளைத் தொடு.

பாதையைப் பார்த்தபடி,
உன் ஹார்லன்