அறுபத்து மூன்றும் ஒன்றும்

உ
கட்டுகஸ்தோட்டை, கண்டி.
பவ வருடம், மாசி மாதம் 3ஆம் தேதி.

சௌபாக்கியவதி பாலம்மாளுக்கு அழகர் ஆசீர்வதித்து எழுதுவது. இவ்விடம் சேமம் என்று எழுதித்தான் கைக்குப் பழக்கம். இந்தத் தடவை அப்படி எழுத முடியவில்லை. முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்தை அக்கம்பக்கத்தில் யாரிடமும் கொடுத்துப் படிக்கச் சொல்லாதே. நேரமானாலும் நீயே எழுத்துக் கூட்டிப் படி. வாய்விட்டும் படிக்க வேண்டாம்.

உன் தம்பி மகள் பவளம் போய்விட்டாள். தை மாதக் கடைசியில் போனாள். தந்தி அடிக்கவில்லையே என்று கோபித்துக்கொள்ளாதே. அங்கே தனியாக இருக்கிற உன் கையில் அந்தக் காகிதத்தைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

நான் போன கடிதத்தில் எழுதிய காய்ச்சல்தான். மழை பொய்த்து மகாவலி ஆறு குட்டை குட்டையாகத் தேங்கிக் கிடக்கிறது. அதில் பெருகிய கொசுதான் காரணம் என்று ஆஸ்பத்திரியில் சொல்கிறார்கள். இங்கிருந்து கலகெதர போகிற வழியில் சாவு விழாத வீடு இல்லை. காய்ச்சலுக்கு மருந்தாகக் கொயினாத் தண்ணீர் கொடுக்கிறார்கள், வாங்கப் போகிறவர்கள் வரிசையிலேயே விழுகிறார்கள். கடைக்கார ஜமால்தீன் நானா தினமும் ஓர் அண்டா கஞ்சி காய்ச்சி வைக்கிறார். அவர் வீட்டிலும் இரண்டு பேர் போய்விட்டார்கள். ஆனாலும் கஞ்சியை நிறுத்தவில்லை, மனிதர் அப்படி. பவளத்துக்கும் அங்கிருந்துதான் கஞ்சி வந்தது.

இனி நான் எழுதப்போவதைக் கவனமாகப் படி. தைப்பூசத்தன்று இந்த ஆற்றங்கரைச் சிவன் கோயிலில் சுவாமியை ஆற்றுக்கு எழுந்தருளப் பண்ணினார்கள். காய்ச்சல் தணிய வேண்டும் என்று ஊரே நேர்ந்துகொண்டு நடத்திய திருவிழா. அன்று பவளத்துக்கு உடம்பு கொதித்துக்கொண்டிருந்தது. தவிலுக்கு வார் இழுத்துக் கட்டும்போது உன் தம்பி வீரையா என்னிடம் மட்டும் சொன்னான். "அத்தான், சாமிக்கு இன்னிக்கு ஒரு கணக்குக் குடுக்கப்போறேன். கொறையில்லாம குடுத்துட்டா புள்ளைய விட்டுடணும்னு கேட்டிருக்கேன்" என்றான். சாமியிடம் பேரம் பேசாதே என்று சொல்லியிருக்கலாம். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, நாகசுரத்தின் வாயில் சீவாளியைச் செருகத் தொடங்கிவிட்டேன்.

தவில்காரர் வீட்டில் பிறந்தவளுக்கு நான் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன், இதில்தான் எல்லாம் இருக்கிறது. ஐந்தடிச் சொல் மூன்று தரம், ஏழடிச் சொல் மூன்று தரம், ஒன்பதடிச் சொல் மூன்று தரம். கூட்டினால் அறுபத்து மூன்று. ஆதி தாளத்தில் இரண்டு சுற்றுக்கு அறுபத்து நான்கு மாத்திரை வேண்டுமே. அதனால் இந்த முடிப்புக் கோர்வை தொடங்குவதற்கு முன்னால் ஒரு மாத்திரை அடிக்காமல் சும்மா விட வேண்டும். விட்டுத் தொடங்கினால் கடைசி அடி பாட்டு எடுக்கிற இடத்தில் சரியாக வந்து விழும். வீரையா அதற்கு ஓர் அர்த்தமும் வைத்திருந்தான். அடிக்கிற அறுபத்து மூன்றும் நாயன்மார்களாம். அடிக்காமல் விடுகிற அந்த ஒன்றுதான் சாமியாம். அவனுக்குத்தான் இப்படியெல்லாம் தோன்றும். உங்கள் அப்பா புத்தி.

பாலத்தடியில் சுவாமியை நிறுத்தினார்கள். நான் பாட்டை வாசித்து அவனுக்கு விட்டேன். பாலம்மா, அத்தனை வருஷம் அவனோடு வாசித்திருக்கிறேன், அன்றைக்கு வாசித்ததுபோல் அவன் வாசித்ததில்லை. கோர்வைக்குக் கையை ஓங்கினான். அந்தச் சமயம் பார்த்து ஆற்றுக்கு அக்கரையில் ஒரு வீட்டிலிருந்து ஓலம் கிளம்பியது. அவன் உடம்பு தூக்கிப்போட்டது. அந்த ஒரு மாத்திரையை விடாமல் கை முந்திக்கொண்டு அடிக்க ஆரம்பித்துவிட்டது. அவனுக்கு அது தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. தாளம் போட்ட கறுப்பையாவுக்கும் தெரிந்தது.

கணக்கு ஒன்று குறைகிறது, கடைசி அடி அந்தரத்தில் விழப்போகிறது. நான் யோசிக்கவில்லை. பாட்டை ஒரு மாத்திரை முன்னாலேயே எடுத்து அவன் கடைசி அடியோடு சேர்த்துவிட்டேன். கறுப்பையா என் முகத்தைப் பார்த்துத் தாளத்தை இழுத்துச் சேர்த்துக்கொண்டான். மேளக்காரர்கள் ஒருவருக்கொருவர் செய்கிற உபகாரம்தான் இது, யாரும் வெளியே சொல்வதில்லை. கூட்டம் அரகரா என்றது. வீரையா கண்ணீரோடு சுவாமியைக் கும்பிட்டான்.

வீட்டுக்குப் போனால் பவளத்துக்கு வேர்த்துக் காய்ச்சல் விட்டிருந்தது. மறுநாள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாள், அத்தை எப்போது வரும் என்று உன்னைக் கேட்டாள். உன் தம்பி தெருவில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினான். இந்தக் காய்ச்சல் விட்டுவிட்டுத்தான் அடிக்கும் என்று எங்களுக்கு அப்போது தெரியாது. திரும்பி வந்தது, பிள்ளையைக் கொண்டுபோய்விட்டது. அதே வாரத்தில் கறுப்பையாவும் போய்விட்டான்.

அதற்குப் பிறகு வீரையா தவிலைத் தொடவில்லை. கோயில் வாசலில் நின்றுகொண்டு, "கொறையில்லாம வாங்கிக்கிட்டு ஏமாத்திட்டியே" என்று ஊர் கேட்கத் திட்டினான். தர்மகர்த்தா என்னைக் கூப்பிட்டுக் கண்டித்தார். நான் கேட்டுக்கொண்டு வந்துவிட்டேன். சாமி மேல் அந்தக் கோபம் இருக்கிறவரைக்கும் அவன் சோறு தின்றான், பிள்ளையைப் பெற்ற நல்லம்மாவையும் தின்ன வைத்தான். அவள் அழுவதுமில்லை, விளக்கு ஏற்றுவதுமில்லை. "ரெண்டு பேரும் உங்க கணக்கையெல்லாம் ஆத்துல கொண்டுபோயி போடுங்க" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள்.

இப்போது அவனுடைய கோபம் தணிகிறது, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. பலகையில் விரலால் அந்தக் கோர்வையைத் தட்டித் தட்டிப் பார்க்கிறான். விட்டும் தட்டுகிறான், விடாமலும் தட்டுகிறான். முந்தாநாள் சோற்றில் கை வைத்தவன் அப்படியே நிறுத்திவிட்டு, "அத்தான், நான் அந்த ஒண்ண விட்டேனா?" என்று கேட்டான். விட்டாய் என்றேன். நாகசுரத்தை என் மடியில் கொண்டுவந்து வைத்து, சீவாளியைத் தொட்டுச் சொல்லச் சொன்னான். தொட்டுச் சொன்னேன். சாப்பாட்டுக்கும் சாமிக்கும் அது ஒன்றுதான் எனக்கு. அதைத் தொட்டு நான் பொய் சொன்னது இதுதான் முதல் தடவை. எனக்கு என்ன வரும் என்று தெரியவில்லை, வந்தால் வரட்டும்.

ஒரு மாத்திரை குறைந்ததற்காகப் பிள்ளையைக் கொண்டுபோகிற சாமி என்று என்னால் நம்ப முடியவில்லை. கலகெதர வழியில் அத்தனை வீட்டிலும் பிள்ளைகள் போனதே, அங்கே எந்தத் தகப்பன் தாளம் தப்பினான்? ஆனால் இந்த நியாயத்தை வீரையாவிடம் பேச முடியாது. பேசினால் தப்பியது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். பிறகு அவன் இருக்கமாட்டான், பாலம்மா. பாலத்தைத் தாண்டும்போதெல்லாம் கீழே பார்த்துக்கொண்டே நிற்கிறான்.

அதனால் இரண்டு பேரையும் ஊருக்கு அனுப்புகிறேன். வருகிற வாரம் தலைமன்னாரில் கப்பல் ஏறுகிறார்கள். கோயிலை விட்டு இப்போது நகர எனக்கு உத்தரவு கிடைக்கவில்லை. அவன் உன்னிடம் கேட்பான். அத்தான் ஏதாவது எழுதினாரா என்று கேட்பான், நான் உனக்கு எதையும் மறைப்பதில்லை என்று அவனுக்குத் தெரியும். கோர்வையைத் தட்டிக் காட்டி, சரிதானா அக்கா என்றும் கேட்பான். உனக்குக் காது கூர்மை, விஷயம் தெரியாமல் இருந்தால் ஒன்று குறைகிறதே என்று சட்டென்று சொல்லிவிடுவாய். அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். தனியாக வைத்துக்கொண்டிருக்கவும் என்னால் முடியவில்லை.

கணக்கு சரியாக இருந்தது என்று சொல். அத்தான் அப்படித்தான் எழுதினார் என்று சொல். நல்லம்மாவைத் தனியாகப் படுக்க விடாதே, பக்கத்தில் படுத்துக்கொள். அவனைக் கிணற்றடிக்கும் குளத்துக்கும் தனியாக அனுப்பாதே. பழி யார் மேலாவது விழுந்துதான் தீர வேண்டுமென்றால் சாமி மேலேயே விழட்டும். அவர் தாங்குவார், உன் தம்பி தாங்கமாட்டான். நம் வீட்டில் நின்று அவன் சாமியைத் திட்டினால் வாயைப் பொத்தாதே. நீயும் கூடச் சேர்ந்து திட்டு.

உங்கள் மூன்று பேரையும் அந்தப் பரமசிவன்தான் காப்பாற்ற வேண்டும்.

இப்படிக்கு,
அழகர்.