இரண்டாமவர்

மார்ச் 4

பல் விளக்குமுன் இன்றும் ஆய்விதழின் அந்த இணையப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். ‘மதிப்பீட்டில் உள்ளது.’ ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்பிப் பதினோரு மாதம். அறுபது பள்ளிக்கூடக் குழாய்களில் ராத்திரி முழுக்கத் தேங்கும் தண்ணீரில் எவ்வளவு ஈயம் இறங்குகிறது என்பதுதான் விஷயம். மூன்று வருட உழைப்பு. முதல் மதிப்பீட்டாளர் ஒரே மாதத்தில் ‘வெளியிடலாம்’ என்று எழுதிவிட்டாராம். இரண்டாமவரிடம் போனது கிணற்றில் போட்ட கல். ஆள் யாரென்று சொல்ல மாட்டார்கள். நான் வைத்த பெயர்தான் இரண்டாமவர்.

துறைத்தலைவர் படிக்கட்டில் பிடித்துக்கொண்டார். ஆகஸ்ட் கடைசிக்குள் ஏற்புக் கடிதம் வந்தால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் ஒப்பந்தம் அதோடு சரி. சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

மார்ச் 19

என் மறதிக்கும் ஒரு பலன். ஒப்பீட்டுக்காகச் சுத்தத் தண்ணீர் நிரப்பிய பாட்டிலை மூன்று வாரம் அலமாரியில் விட்டுவிட்டேன். சோதித்தால் அதிலும் ஈயம். பாட்டில் மூடியிலிருந்தே இறங்குகிறது. குழாய்த் தண்ணீர் எத்தனை நாள் பாட்டிலில் இருக்கிறதோ, சுத்தத் தண்ணீரையும் அத்தனை நாள் வைத்து, அந்த அளவைக் கழிக்க வேண்டும். யாரும் இப்படிச் செய்து நான் படித்ததில்லை.

அனுப்பிய கட்டுரையில் இப்போது கை வைத்தால் மறுபடி முதலிலிருந்து வரிசை. திருத்தம் கேட்பார்கள் அல்லவா, அப்போது சேர்த்துக்கொள்ளலாம்.

ஏப்ரல் 7

வேறோர் ஆய்விதழ் ஒரு கட்டுரையை மதிப்பிடச் சொல்லி அனுப்பியிருக்கிறது. பள்ளிக்கூடக் குழாய்கள். ஈயம். எழுதியவர் பெயர் மறைத்திருக்கிறது.

இதே பொருளில் என் கட்டுரை வேறிடத்தில் காத்திருக்கிறது, நான் பார்ப்பது முறையா என்று கேட்டெழுதினேன். ஒன்பது பேர் மறுத்துவிட்டார்கள், நடுநிலையாகப் பார்க்க முடியுமென்றால் நீங்களே பாருங்கள் என்று அந்த இதழாசிரியர் உடனே பதில் போட்டார். உடனே! பதில் போடத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள்.

ஏப்ரல் 8

மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்று கால் வீங்கி வந்த அக்காவிடம் சொன்னேன். “உன்னுதை ஒருத்தன் ஒரு வருஷமா தலைக்கு வச்சுப் படுத்திருக்கான். நீ மட்டும் எதுக்குடி ஓடிப்போய் படிக்கணும்? அதையும் கொஞ்ச நாள் கிடக்க விடு” என்றாள்.

தப்பான யோசனை என்று சொல்ல முடியவில்லை.

ஏப்ரல் 15

படித்துவிட்டேன். நல்ல உழைப்பு. ஆனால் ஒப்பீட்டுத் தண்ணீரை அன்றன்றைக்குப் புதிதாக நிரப்பியிருக்கிறார்கள். அவர்கள் காட்டும் ஈயத்தில் பாட்டிலுடையதும் கலந்திருக்கிறது. ஒன்றுமில்லாத பள்ளிக்கூடத்தையும் விஷம் என்று சொல்லிவிடும் அந்தக் கணக்கு.

சொல்லாமல் விட்டால் தப்பு அச்சாகும். நிராகரிக்கச் சொன்னால் என் கட்டுரைக்கு வழி கிடைக்கும். மூன்று நாள் இதையே மென்றுகொண்டிருந்தேன். கடைசியில் மூடி விஷயத்தைச் சொல்லி, எப்படிக் கழிப்பது என்றும் விளக்கி, திருத்தினால் வெளியிடலாம் என்று எழுதி அனுப்பிவிட்டேன். ஒரே வாரம். நல்லவளாம் நல்லவள்.

ஜூன் 2

மதிப்பீட்டில் உள்ளது.

ஜூலை 11

நான் மதிப்பிட்ட அந்தக் கட்டுரை வெளிவந்துவிட்டது. ஏழாம் பக்கத்தில் என் முறை, கிட்டத்தட்ட என் வாக்கியங்களிலேயே. கடைசியில் ‘பெயர் அறியாத மதிப்பீட்டாளருக்கு நன்றி’. அக்காவுக்குக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேடினாள். “உன் பேரு எங்கடி?”

அதுதான், பெயர் அறியாத என்று போட்டிருக்கிறதே, அதுதான் நான் என்றேன். “சொந்தச் செலவுல சூனியம் வச்சுக்கிட்ட” என்று கண்ணாடியைக் கழற்றிவிட்டாள்.

ஆகஸ்ட் 20

பதினாறு மாதம் கழித்து இரண்டாமவர் வாய் திறந்தார். நிராகரிப்பு. உழைப்பு பாராட்டுக்குரியதாம், ஆனால் இதே முடிவுகள் வேறோர் ஆய்விதழில் சென்ற மாதமே வெளிவந்துவிட்டனவாம். அதோடு விட்டாரா? ‘அந்தக் கட்டுரையில் பாட்டில் மூடியால் வரும் பிழையை நேர்த்தியாகக் களைந்திருக்கிறார்கள். இந்தக் கட்டுரையாளருக்கு அது தோன்றவே இல்லை. ஏழாம் பக்கத்தைப் படித்துக் கற்றுக்கொள்வது நல்லது.’

கத்துக்கணுமாம். நான். அதை.

யாரிடம் போய்ச் சொல்வது? மதிப்பிட்டவர் வாய் திறக்கக்கூடாது என்பது விதி. ஊமை கண்ட கனவு.

ஆகஸ்ட் 31

மேசையைக் காலி செய்தேன். அந்தப் பாட்டிலை மட்டும் எடுத்து வந்திருக்கிறேன். எதற்கு? தெரியவில்லை.

செப்டம்பர் 22

என்னை நிராகரித்த அதே ஆய்விதழ், கிணற்றுநீர் பற்றிய ஒரு கட்டுரையை மதிப்பிட முடியுமா என்று கேட்கிறது. கூச்சமே கிடையாது. ‘சம்மதம்’ என்பதை அழுத்தினேன்.

டிசம்பர் 9

நான்காவது நினைவூட்டல். முதல் மதிப்பீட்டாளர் எப்போதோ எழுதி அனுப்பிவிட்டாராம், என்னுடையதுதான் பாக்கியாம்.

அக்கா எட்டிப் பார்த்தாள். “பாவம்டி, யாரோ காத்துக்கிட்டு இருப்பாங்கல்ல?” அவள்தானே அன்றைக்குக் கிடக்க விடச் சொன்னவள்.

எழுதியது யாரென்று எனக்குத் தெரியாது. காலையில் எழுந்ததும் எந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பார் என்று தெரியும்.

நாளைக்குப் பார்க்கலாம்.