பேய் விரலும் மூன்று மெயில்களும்

பிப்ரவரி 10, செவ்வாய்

முடிவு செய்துவிட்டேன். பேய் விரலை எடுத்துவிடப் போகிறேன். மே 28 அன்று எனக்கு ஐம்பது. அதற்குள் அது கணினியின் உள்மையமான கர்னலைவிட்டுப் போயிருக்க வேண்டும்.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சபதம் போலாகிவிடும், சபதம் போடுகிறவர்களை எனக்கு ஆகாது. ஆனால் பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்திருக்கிறேன் போல. பக்கத்தில் இருந்த அம்மாள் எழுந்து வேறு சீட்டுக்குப் போனார்.

பிப்ரவரி 12

சொல்லக் கூடாது என்றிருந்தேன், என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். "பேய் விரலா? கம்ப்யூட்டர்லயா?" என்று நில அளவைப் படங்களிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார். சொல்வதைவிடக் காட்டுவதே மேல் என்று, அவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் அவருடைய கணினியில் பத்து வரியில் ஒரு விளையாட்டு நிரல் வைத்தேன்.

அவர் வந்து கட்டளைகள் அடிக்கும் கறுப்பு ஜன்னலைத் திறந்தார். எழுத்துகள் தானாக ஓடின: "எனக்கு வழுக்கை விழுகிறது."

சூடு பட்டதுபோல இரண்டு கையையும் தூக்கிக்கொண்டார். "ஏய், நான் தொடவே இல்ல!"

"அதான் விஷயம். ஏதோ ஒரு நிரல் உங்க கை மாதிரி அடிக்குது. நீங்கதான் அடிக்கிறீங்கன்னு கர்னல் நம்பிடும்."

"எல்லாத்தையும் அழின்னு அடிச்சா?"

"அழிச்சிடும்."

"இது எத்தன வருஷமா தெறந்து கெடக்கு?"

"இருபத்திமூணு."

"எந்தப் புண்ணியவான் செஞ்ச வேலை?"

எழுந்துபோய்க் கோப்பைகளைக் கழுவினேன்.

அது அதற்கும் முன்பே இருந்த பழைய வசதிதான். ஆனால் மூடி வைக்கலாமா என்று பேச்சு வந்தபோது, "பழைய நிரல்கள் நின்றுவிடும், திறந்தே இருக்கட்டும்" என்று வாதாடி ஜெயித்த ஆராய்ச்சி மாணவி நான். இருபத்தாறு வயது, அசைக்க முடியாத தன்னம்பிக்கை. அந்த வரிக்கு மேலே "தற்காலிகம்" என்று குறிப்பும் எழுதினேன். என் பெயரோடு இன்னும் அங்கேயே இருக்கிறது.

பிப்ரவரி 16

எங்கள் வேலையில் சட்டம் ஒன்றுதான்: நம் மாற்றத்தால் உலகத்தில் எங்கோ ஒரே ஒருவருடைய வேலை நின்றாலும், மாற்றம் திரும்பி வந்துவிடும். அதைக் காப்பவர் வாசல்காரர். கர்னலுக்குள் எது போகலாம் என்று தீர்மானிப்பவருக்கு நாங்கள் வைத்த பெயர். நேரில் பார்த்ததில்லை. ஒரு வரிக்கு மேல் எழுதமாட்டார்.

ஆகவே இரண்டு வருடம் முன்பே ஓர் எச்சரிக்கை வைத்தேன். எந்த நிரலாவது பேய் விரலைப் பயன்படுத்தினால் கணினியின் நிகழ்வுப் பதிவான லாகில் இப்படி விழும்: "இந்த வசதி நீக்கப்படும். உங்களுக்கு இது தேவையென்றால், இந்த வரியை அப்படியே ஒட்டி இந்த முகவரிக்கு எழுதவும்." முகவரி என்னுடையது.

இதுவரை ஒரு கடிதமில்லை. ஒன்றுகூடவா? — சரி, எப்போதும் சந்தேகப்பட்டுக்கொண்டே இருந்தால் எப்படி.

மார்ச் 3

வாசல்காரருக்கு பேட்ச், அதாவது திருத்தக் கோப்பு, அனுப்பியாகிவிட்டது. நீக்கிய வரிகள் நாற்பத்தொன்று, சேர்த்தது ஒன்று. எழுதுவதைவிட நீக்குவதில் இத்தனை சுகம் இருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

மார்ச் 5, வியாழன்

வாசல்காரர்: "யாராவது அழுதார்களா?"

நான்: "இரண்டு வருடமாக ஒருவரும் இல்லை."

வாசல்காரர்: "எடுத்துக்கொண்டேன்."

நாற்காலியில் ஒரு முழுச் சுற்று சுற்றினேன். கதவு திறந்திருந்ததை மறந்துவிட்டேன். எதிர் அறைப் புள்ளியியல் பேராசிரியர் கையில் காகிதக் கட்டோடு நின்றுகொண்டிருந்தார்.

"என்ன மேடம், நல்ல சேதியா?"

"நாற்காலி சரியா இருக்கான்னு பாத்தேன்."

"இருக்கா?"

"இருக்கு."

எழுந்து கதவைச் சாத்திவிட்டு இன்னொரு சுற்று.

மார்ச் 9, திங்கள்

பல் தேய்க்கும்போது நினைவு வந்தது. நுரையோடு அப்படியே நின்றேன்.

போன வருடம் ஒரு குறிப்பில் காற்புள்ளியை நகர்த்தினேன். ஏழு பேர் சண்டைக்கு வந்தார்கள். அப்படிப்பட்ட கூட்டத்தில் இதற்கு மட்டும் ஒருவர்கூடவா வாய் திறக்கவில்லை? இந்தக் கேள்வி நாலு நாளாக உள்ளே குடைந்துகொண்டிருந்தது. பதில் என்னிடமேதான் இருந்திருக்கிறது.

எச்சரிக்கை வைத்த முதல் வாரம். எங்கள் ஆய்வகத்தில் எட்டுச் சோதனை இயந்திரங்கள். பேய் விரல் வேலை செய்கிறதா என்று ஒவ்வொன்றும் மணிக்கொரு தடவை சோதித்து, லாகைத் தானாக எனக்கு மெயில் அனுப்பின. ஒரு நாளைக்கு இருநூறு மெயில். பொறுக்க முடியாமல் ஒரு விதி எழுதினேன்: அந்த எச்சரிக்கை வரி உள்ள எந்த மெயிலும் நேராக "குப்பை"க்குப் போகட்டும், என் கண்ணில் படவே வேண்டாம்.

மனிதர்களிடம் எந்த வரியை ஒட்டி அனுப்பச் சொன்னேன்? அதே வரியைத்தான்.

முகம் கழுவாமலே போய் உட்கார்ந்தேன். ஒரு லட்சத்து நாற்பதாயிரம் மெயில்கள். இயந்திரங்கள் அனுப்பியதையெல்லாம் கழித்தால் மிச்சம் மூன்று. மூன்றும் ஒரே ஆள்.

முதலாவது, போன வருடத்துக்கு முந்தைய வருடம்: "ஐயா, நான் ரயில் கால அட்டவணை போடுகிறவள். எனக்குப் பார்வை கிடையாது. என் பிரெய்ல் பலகை உங்கள் வசதி வழியாகத்தான் எழுத்துகளை உள்ளே அனுப்புகிறது. தயவுசெய்து நீக்க வேண்டாம். சொன்னபடி வரியை ஒட்டியிருக்கிறேன்."

இரண்டாவது, எட்டு மாதம் கழித்து: "ஐயா, சரியாக ஒட்டவில்லையோ என்று மறுபடி ஒட்டியிருக்கிறேன்."

மூன்றாவது, போன மாதம்: "ஐயா, வண்டி தாமதமானால் நாங்கள்கூட ஓர் அறிவிப்பு செய்வோம்."

வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அப்புறம் சிரிக்க முடியவில்லை.

மார்ச் 10

இது வேறு யாருக்கும் தெரியாது. குப்பையைக் காலி செய்தால் போதும், ஐம்பதுக்குள் காரியம் முடிந்துவிடும்.

— எழுதிப் பார்த்தால் எப்படி இருக்கிறது என்று எழுதினேன். சகிக்கவில்லை.

மார்ச் 11

எல்லோரும் படிக்கும் பொது மடலிலேயே எழுதினேன்: "ஒருவர் அழுதிருக்கிறார். மூன்று முறை. அவரைக் குப்பையில் போட்டது நான். பேட்சைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன்."

வாசல்காரர்: "அந்த விதியை எழுதியது யார்?"

"நான்."

"'தற்காலிகம்' என்று எழுதியது?"

"அதுவும் நான்."

அரை மணி நேரத்துக்குப் பிறகு: "மாறாமல் இருக்கிறீர்கள்."

இவரிடம் படித்துக் காட்டினேன். சோபாவிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்து சிரித்தார். வெட்கம் பிடுங்கித் தின்னும் என்று நினைத்திருந்தேன். இல்லை. பல் பிடுங்கியது மாதிரி, வலித்தது, போய்விட்டது.

மார்ச் 13, வெள்ளி

மெயிலின் கீழே இருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். முன்பின் தெரியாதவர்களுக்குப் போன் செய்வதென்றால் எனக்குப் பயம். பேச வேண்டியதைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். ஒரு வரிகூடப் பயன்படவில்லை.

"நீங்க மூணு மெயில் போட்டிருந்தீங்க. கர்னல் விஷயமா…"

"அட! வந்துருச்சா! ஐயாகிட்ட குடுங்க."

"ஐயா யாரும் இல்லீங்க. நான்தான் அது."

"பொம்பளையா? சரி, ரெண்டு வருஷம் பதில் போடாததுக்கு என்ன காரணம் வச்சிருக்கீங்க, சொல்லுங்க."

சொன்னேன், விதியைப் பற்றி, குப்பையைப் பற்றி. வெடித்துச் சிரித்தார் பாருங்கள்! போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது.

"வரிய ஒட்டச் சொல்லிட்டு, ஒட்டினவங்களக் குப்பையில போட்டீங்களா? எங்க ஆபீஸ்லகூட இப்படி ஒரு ஆள் கிடையாதும்மா!"

சமாதானம் சொல்லப் போய் உளறினேன். "அந்தப் பேய் விரல் ரொம்ப ஆபத்துங்க…"

"எது?"

"நாங்க அப்படித்தான் சொல்றது. பேய் விரல்னு."

"அது என் விரலுங்க."

அவரே என்னைக் காப்பாற்றினார். "ஆனா அதுவும் முழுசா என் விரல் இல்ல, தெரியுமா? நான் உள்ள போனதுக்கு அப்புறம்தான் உங்க வசதி வேலை செய்யும். காலையில பாஸ்வேர்டு அடிக்கிறது பக்கத்து சீட்டுக்காரர். பதினோரு வருஷமா. அவர் லீவு போட்டா நான் ஜன்னல் காத்து வாங்கிட்டு உக்காந்திருப்பேன். என் பாஸ்வேர்டு எனக்கு மட்டும் தெரிஞ்ச நாளே கிடையாது. எழுநூறு வண்டியக் கிளப்புறேன், ஒரு பூட்டத் தொறக்க முடியல."

மார்ச் 14

பஸ்ஸில் தோன்றியது. அந்தப் பலகை ஏன் திருட்டுத்தனமாக உள்ளே கை நீட்ட வேண்டும்? முன்வாசல் வழியாக வந்து, "நானும் ஒரு விசைப்பலகை" என்று கர்னலிடம் பதிவு செய்துகொண்டால் என்ன? நிர்வாகி ஒரு தடவை அனுமதித்தால் போதும். பிறகு கணினி கண் விழித்த நொடியிலிருந்து வேலை செய்யும்.

பாஸ்வேர்டு கேட்கும் இடத்திலும்!

மளிகைப் பட்டியலின் பின்பக்கம் முழுக்க எழுதினேன். இறங்க வேண்டிய நிறுத்தம் இரண்டு நிறுத்தம் பின்னால் போய்விட்டது. வெயிலில் நடந்தேன், பாடிக்கொண்டு என்றுகூடச் சொல்லலாம். மளிகை வாங்கவில்லை.

ஏப்ரல் 7

அட்டவணை அம்மாவுக்கு (இப்போது அப்படித்தான் கூப்பிடுகிறேன், அவர் என்னை "ஐயா" என்கிறார், வேண்டுமென்றே) முதல் சோதனைப் பதிப்பு போயிற்று. பத்து நிமிடத்தில் போன்.

"ஐயா, எல்லா எழுத்தும் ரெண்டு ரெண்டா விழுது. ஒரே வண்டி ரெண்டு தடவ கிளம்புது."

பழைய வழி, புதிய வழி இரண்டும் திறந்திருக்கின்றன. பழையதை அவர் பக்கம் மூட மறந்துவிட்டேன். மாறாமல்தான் இருக்கிறேன்.

ஏப்ரல் 29

"ஐயா, இப்ப ஒண்ணு ஒண்ணாதான் விழுது. ஆனா பழகிப்போச்சு, கொஞ்சம் போர் அடிக்குது."

மே 28, வியாழன்

ஐம்பது. பேய் விரல் இன்னும் கர்னலில்தான் இருக்கிறது. புதிய மாற்றங்களுக்கு வாசல் திறப்பது ஜூன் முதல் தேதி. நாலு நாள் பிந்திவிட்டேன். வருத்தப்படலாம் என்று உட்கார்ந்து பார்த்தேன், வரவில்லை.

காலையில் கறுப்பு ஜன்னலைத் திறந்தால், நான் கை வைக்கும் முன்பே எழுத்துகள் ஓடின: "ஐம்பது வாழ்த்துகள். உனக்கும் நரைக்கிறது."

கதவுக்குப் பின்னால் இருமல். என்னுடைய அந்தப் பத்து வரி நிரலைத் தேடி எடுத்து, ஒரு வாரம் உட்கார்ந்து மாற்றியிருக்கிறார், நில அளவைக்காரர்!

"மூடறதுக்கு முன்னாடி ஒரு தடவ நானும் பேயா இருக்கணும்னு ஆசையா இருந்துச்சு."

ஜூன் 3

இரண்டு பேட்ச். முதலில் முன்வாசல், அடுத்தது பேய் விரல் நீக்கம்.

வாசல்காரர்: "அழுதவர்?"

"போனில் கேட்டேன். சிரித்தார்."

"குப்பை?"

"பார்த்தேன். விதியையும் நீக்கிவிட்டேன்."

"எடுத்துக்கொண்டேன்."

"தற்காலிகம்" போயிற்று. ஐம்பது வயதும் ஆறு நாளும்.

ஜூன் 20

மெயில் பெட்டி நிரம்பி வழிகிறது. சோதனை இயந்திரங்கள், பேய் விரலைக் காணோம் என்று மணிக்கொரு தடவை புகார் அனுப்புகின்றன. விதி எழுதக் கை துறுதுறுத்தது. எழுதவில்லை. எழுந்துபோய்ச் சோதனையையே நிறுத்திவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 17, திங்கள்

புதிய கர்னல் அவர்கள் அலுவலகத்துக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. காலை ஒன்பது இருபதுக்கு மெயில். குப்பையில் இல்லை, நேராக, எல்லாவற்றுக்கும் மேலே.

"ஐயா, இன்று காலை பக்கத்து சீட்டுக்காரர் வழக்கம்போல எழுந்து வந்தார். நீங்கள் உட்காருங்கள் என்றேன். உள்ளே போனதும் முதல் வேலையாகப் பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன். என்ன வைத்தீர்கள் என்று இரண்டு தடவை கேட்டார். சொல்லவில்லை. உங்களுக்கும் சொல்லமாட்டேன்."

நாற்காலியில் மூன்று சுற்று. கதவைச் சாத்தவில்லை.